ஒரகடத்துக்கு எது கருப்பொருள்?

தமிழ்நாட்டின் பாடநூல்கள் 2018–19 கல்வியாண்டில் மாறத் தொடங்கின. மறு ஆண்டு அந்த மாற்றம் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது தமிழ்ப் பாடத்தில் ஒரு புதுமை நடந்தது. இலக்கணம் என்றால் புணர்ச்சி, யாப்பு, அணி என்றிருந்த இடத்தில் படிமம், தொன்மம், குறியீடு மூன்றும் தனித்தனிப் பாடங்களாக ஏறின. குறியீட்டியத்தின் அறிக்கையை ழான் மொரெயாஸ் பிரான்சில் வெளியிட்டது 1886ல். தமிழில் அந்தப் பேச்சு சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ (1959–1970) போன்ற சிற்றிதழ்களைச் சுற்றி வளர்ந்து, நெடுநாள் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே புழங்கியது. அது இன்று ஸ்ரீபெரும்புதூர் அரசுப் பள்ளி மாணவியின் மேசைக்கு வந்திருக்கிறது.

வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வந்த கையோடு அது இரண்டு மதிப்பெண் வினாவாகிவிட்டது. புறா என்றால் சமாதானம், தராசு என்றால் நீதி, விளக்கு என்றால் அறிவு. கோனார் உரையைக் கையில் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தேர்வு எழுதிய நமக்கு இது புதிதல்ல. இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் அது குறிப்பது, நடுவே ஒரு கோடு.

இந்த வறட்சிக்கு மருந்தாகச் சொல்லப்படுவது, மாணவர் தம் வாழ்க்கை அனுபவத்தோடு குறியீட்டை இணைத்துப் பார்க்கட்டும் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த அனுபவத்தை, எதுவரை, யார் முன்னால் என்று கேட்கும்போது சிக்கல் தொடங்குகிறது. அந்தக் கேள்வியை இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைகளின் நடுவே வைத்துப் பார்க்க நினைக்கிறேன். பாடநூலில் உள்ள பொருள்களுக்கும் பிள்ளைகள் தினம் காணும் பொருள்களுக்கும் இடையிலான தூரம் இங்கே மிக அதிகம்.

மேற்கே இந்த வழக்கு நூறாண்டாக நடக்கிறது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்து 1929ல் ஒரு நூல் வெளியிட்டார். வாசிப்பைக் கெடுப்பவை என்று அவர் தந்த பட்டியலில் இரண்டு நமக்கு முக்கியம். வாசகரின் சொந்த நினைவு குறுக்கே வந்து கவிதையை மறைத்துக்கொள்வது ஒன்று. எதைக் கண்டாலும் முன்பே தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியை எடுத்து நீட்டுவது மற்றொன்று. 1949ல் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் இன்னும் இறுக்கினார்கள்: கவிதை வாசகருக்கு என்ன செய்தது என்பதை வைத்துக் கவிதையை அளப்பதே பிழை என்றார்கள். எதிர்ப்பக்கத்தில் லூயிஸ் ரோசன்பிளாட். 1938லும் பிறகு 1978லும் வந்த நூல்களில் அவர் சொன்னது, தாளில் இருப்பது வெறும் எழுத்து, வாசகர் தம் அனுபவத்தோடு அதைச் சந்திக்கும்போதுதான் கவிதை உண்டாகிறது என்பது. அமெரிக்க வகுப்பறைகளில் அவர் கட்சி வென்றது என்றே சொல்லலாம். 1990ல் ரூடின் சிம்ஸ் பிஷப், புத்தகங்கள் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி, சிலருக்கு ஜன்னல் என்று எழுதியது அதன் தொடர்ச்சி.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விடப் பயன்படுகிறவர் பாவ்லோ ஃப்ரேய்ரே. பிரேசிலில், 1963ல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏழை உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவு தந்தபோது, அவர்கள் வாயில் புழங்கும் சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் முறையை அவர் கையாண்டார். அந்த முறையில் பேர்பெற்ற சொல் ‘செங்கல்’. செங்கல்லைத் தூக்குகிறவருக்கு அதன் எடை தெரியும், விலை தெரியும், யார் வீட்டுக்குப் போகிறது என்பதும் தெரியும். அங்கிருந்துதான் பேச்சு வளர்ந்தது. நம் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். விடுதலையின் குறியீடு என்று அந்தச் சைக்கிளைப் பற்றிப் பலர் பிற்பாடு எழுதினார்கள். ஓட்டியவர்களுக்கு அது முதலில் தண்ணீர்க் குடம் கட்டவும், பிள்ளையை முன்னால் உட்கார வைக்கவும், பஸ்ஸுக்குக் காத்திராமல் சந்தைக்குப் போகவும் உதவிய வண்டி.

இவ்வளவையும் தமிழாசிரியர் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. நிலத்தின் பொருள்களைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமம் இதே கேள்வியை வேறு வாசல் வழியாகத் தொடுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், பறவை, விலங்கு, உணவு, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். உள்ளுறை இந்தக் கருப்பொருளின் மேல்தான் கட்டப்பட வேண்டும் என்று வகுத்த இலக்கணம், தெய்வத்தை மட்டும் அதிலிருந்து விலக்கியும் வைத்தது. விலக்கியதற்கு என் ஊகம் இது: தெய்வத்துக்கு ஏற்கெனவே பொருள் நிரம்பியிருக்கிறது, அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. எருமைக்கு அப்படியில்லை. ஐங்குறுநூற்றின் மருதத்தில் ஓரம்போகியார் எருமைக்கென்றே ஒரு பத்தும் களவன் என்னும் நண்டுக்கு ஒரு பத்தும் பாடியிருக்கிறார். வயலில் எருமை என்ன செய்யும் என்று அறியாதவருக்கு அங்கே பேசப்படும் கணவனின் குணம் பிடிபடாது. அதாவது கேட்பவரின் நிலத்து அறிவு இல்லாமல் குறியீடு வேலையே செய்யாது என்பது நம் கவிதையியலின் அடிப்படை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம் வாசகரிடம் கேட்பது அவருடைய சோகக் கதையை அல்ல, பொருளைப் பற்றிய அறிவை. ‘இந்தப் பாடல் உனக்கு எதை நினைவூட்டுகிறது’ என்ற கேள்வியும் ‘இந்தப் பறவை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியுமா’ என்ற கேள்வியும் ஒன்றல்ல. முதலாவது ரிச்சர்ட்ஸ் அஞ்சிய இடத்துக்குக் கொண்டுபோகும். இரண்டாவது பாடலுக்குள்ளேயே கொண்டுபோகும்.

எடுத்துக்காட்டாகக் குறுந்தொகையில் கபிலரின் ஒரு பாடல். களவில் கூடிய தலைவன் சொன்ன சொல்லைத் தவறினால் என்ன செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். அவன் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, ஒரு குருகு மட்டும் ஓடுநீரில் ஆரல் மீனுக்காக நின்றிருந்தது. ஒரகடத்துப் பிளஸ் டூ மாணவி ஒருத்தி இதைப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பேசாத சாட்சி என்றதும் அவளுக்குத் தொழிற்சாலைகளின் கேட்டுக்குக் கேட்டு, கம்பத்துக்குக் கம்பம் பொருத்திய கேமரா நினைவுக்கு வரலாம். நல்ல ஆசிரியர் இதைத் தள்ளமாட்டார், அருமை என்று மதிப்பெண் போட்டு முடிக்கவும்மாட்டார். குருகு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்பார். மீனை. கேமரா எதைப் பார்க்கிறது? மனிதர்களை, மனிதர்களை மட்டும். தலைவியின் துயரமே தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்பது. இருந்த ஒரே உயிரும் தன் பசியைத்தான் பார்த்தது. லைனில் நிற்கும் பெண்ணின் துயரம் கண் எடுக்காமல் பார்க்கப்படுவது. கேமராவில் பதிவு இருக்கும், ஆனால் அது அவள் கைக்கு வராது. ஆக மாணவியின் ஒப்பீடு பாடலோடு பொருந்தவில்லை. பொருந்தாத அந்த இடத்தில்தான் இரண்டும் தெளிகின்றன: பாடலின் தனிமை என்னவென்று அவளுக்குப் புரிகிறது, கேமராவின் கீழ் நிற்பது என்னவென்று நமக்குப் புரிகிறது. அனுபவத்தை இணைப்பது என்றால் நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். மாணவர் தம் பொருளைக் கொண்டுவருகிறார், பாடல் அதற்குப் பதில் சொல்கிறது, சில வேளை மறுக்கிறது. அந்த மறுப்புக்கு இடம் இருந்தால் ரிச்சர்ட்ஸும் ரோசன்பிளாட்டும் சண்டையிட வேண்டியதில்லை.

இந்தப் பகுதியின் கருப்பொருள்களைப் பட்டியலிட்டால் எப்படியிருக்கும்? இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. 2006ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1ஆம் தேதி நிறுத்தியது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ–நிசான், 2012ல் டைம்லர் லாரிகள், 2013ல் ராயல் என்ஃபீல்டு. இவற்றோடு வந்தவை: கம்பெனி பஸ், ஷிப்ட், கழுத்தில் தொங்கும் டேக், கன்டெய்னர் லாரி, ஹாஸ்டல், கேன்டீன் தட்டு, ஓ.டி. இவற்றோடு போகாமல் நிற்பவை: ஏரி, மதகு, பனை, எருமை, வல்லக்கோட்டை முருகன் கோயில், ராமானுஜர் பிறந்த ஊரென்ற பெருமை. சர்வீஸ் ரோட்டில் வரிசையாக நிற்கும் லாரிகளுக்குப் பக்கத்திலேயே எருமை மேய்கிறது. மருதத்தின் விலங்கு நிற்கிறது, மருதம்தான் பிளாட் எண்ணாகிவிட்டது.

டேக்கையும் சட்டை நிறத்தையும் எடுத்துக்கொள்வோம். பல தொழிற்சாலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், காண்ட்ராக்டுக்கும் ட்ரெய்னிக்கும் வேறு நிறம். தூரத்திலிருந்தே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். புறத்திணைப் பூக்களைப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. ஆநிரை கவர்கிறவருக்கு வெட்சி, மீட்கிறவருக்குக் கரந்தை, மதிலை முற்றுகிறவருக்கு உழிஞை, காக்கிறவருக்கு நொச்சி. மனப்பாடப் பட்டியலாக வருத்திய பூக்கள், நிறம் பார்த்துக் கேன்டீனில் யாரோடு உட்காருவது என்று முடிவு செய்யும் ஊரில் சட்டென்று உயிர்பெறும். போர்வீரன் சூடிய பூவில் அவனுக்குப் பெருமை இருந்தது. டேக்கை அணிந்தவருக்கு எப்படி? சிலருக்கு அதுவே ஊர்த் திருவிழாவுக்கும் கழற்றாமல் போட்டுக்கொண்டு போகும் பெருமை. அதையும் வகுப்பில் பேச இடம் வேண்டும். தொழிற்சாலை என்றால் துயரம் என்பதும் முன்தயாரித்த உணர்ச்சிதான்.

எல்லாவற்றிலும் வளமான இடம் பாலை. பாலையின் பிரிவுகளில் தலையாயது பொருள்வயின் பிரிவு, பொருள் தேடிப் பிரிதல். திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறும் இந்த நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான உரிப்பொருள் (பாடலின் மைய உணர்வு) இல்லை. சுரத்தின் வெயில், வற்றிய சுனை, ஆறலை கள்வர் என்பவை எல்லாம் பிரிவின் பயத்தைச் சொல்ல வந்தவை. இன்று அந்தப் பயத்தை எது சுமக்கிறது என்று மாணவரைக் கேட்டால், இரவு ஷிப்ட் முடிந்து வரும் சாலை, எடுக்கப்படாத போன், காண்ட்ராக்ட் முடியும் தேதி என்று பதில் வரக்கூடும்.

ஆனால் இங்கும் பாடல் ஒரு இடத்தில் நின்று மறுக்கிறது. சங்கப் பாலையில் பிரிந்து போகிறவன் தலைவன். பெண் பெரும்பாலும் காத்திருக்கிறாள், அல்லது உடன்போகிறாள். கடல் கடந்து பொருள் தேடும் பயணத்தில் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் விதியே சொல்கிறது. சுங்குவார்சத்திரத்தில் கதை தலைகீழ். இருபது வயதுகளில் இருக்கும் பெண்கள் தாமே பொருள்வயின் பிரிந்து வருகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் சிப்காட் திறந்த குடியிருப்பு வளாகம் 18,720 பெண் தொழிலாளர்களுக்கானது, செலவு 706.50 கோடி ரூபாய். பிரிந்து வந்தவள் தலைவி என்றால் காத்திருப்பவர் யார்? அம்மா, தம்பியின் பள்ளிக் கட்டணம், அடகில் இருக்கும் நகை. மகள் போனபின் புலம்பும் நற்றாயும் செவிலியும் அகப்பாடல்களில் உண்டு. அவர்கள் புலம்புவது காதலனோடு போன மகளுக்காக. வேலைக்குப் போன மகளுக்காக எந்தத் தாயும் அங்கே பாடவில்லை. அந்த வெற்றிடத்தை ஒரு மாணவர் தாமே கண்டுபிடித்தால், உரைநூலில் இல்லாத ஒன்றை எழுதியிருக்கிறார்.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் எழுத்தைப் பேசுகிறவர்கள் பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை என்பதுண்டு. அதே போல் தொழிற்பேட்டைக்கும் ஒரு திணை வேண்டுமா? எனக்கு அதில் ஆர்வமில்லை. பாலைக்குத் தனி நிலமே இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லிவிட்டது. மருதம் இயல்பு மாறினால் என்னவாகும் என்று அதே தர்க்கத்தை நீட்டினால் போதும், புதுப் பெயர் வேண்டியதில்லை.

ஏரிகளின் மாவட்டம் என்று பெயர்பெற்ற நிலம் இது. செம்பரம்பாக்கத்தில் 2015 டிசம்பரில் திறந்த நீர் அடையாற்று வழியே சென்னைக்குள் புகுந்ததைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஏரி வெறும் வளமையின் அடையாளம் அல்ல, பயமும்தான். கண்மாயையே மையமாக வைத்து எழுதிய சோ. தர்மனின் ‘சூல்’ (2016) கரிசல் காட்டுக் கதை. அது சாகித்திய அகாதெமி விருது பெற்றது 2019ல். மதகையும் கரையையும் ஊரே காவல் காத்த காலம் அதில் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தக் கரிசல் தெரியாது, ஆனால் மதகு தெரியும். பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991) குடியிருப்பு கட்ட நிலத்தை இழந்து சிதறும் கொங்குக் குடும்பம் ஒன்றைச் சொல்கிறது. பரந்தூர் விமான நிலைய அறிவிப்புக்குப் பிறகு 2022லிருந்து ஏகனாபுரத்தில் நடக்கும் போராட்டத்தின் நடுவே வளரும் மாணவருக்கு அந்தத் தலைப்பின் வெயிலை உரையாசிரியர் விளக்க வேண்டுமா என்ன?

காஞ்சி மண்ணுக்கே உரிய ஒரு குறியீடும் உண்டு. மணிமேகலையின் கடைசிப் பகுதிகள் காஞ்சியில் நடக்கின்றன. பஞ்சத்தில் வாடிய நகரத்துக்கு அவள் அமுதசுரபியோடு வருகிறாள். அதற்கு முன் புகாரில் அதே பாத்திரம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியிருந்தது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நோயுற்றபோது, அவர்களது தோழிகள் இதே மாவட்டத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அமுதசுரபியை இந்தச் சம்பவத்தோடு இணைக்க யாருக்கும் தோன்றும். தோன்றட்டும். பிறகு கேட்க வேண்டிய கேள்வி: மணிமேகலையின் பாத்திரத்திலிருந்து வந்தது பிச்சை, அறம். சாலையில் உட்கார்ந்தவர்கள் கேட்டது அறமா? தங்கள் உழைப்போடு சேர்ந்த சோற்றை ஒழுங்காகப் போடு என்பதா? 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்த சாம்சங் தொழிலாளர்கள் கேட்டதில் சங்கத்துக்கான அங்கீகாரம் முதன்மையானது. வற்றாத பாத்திரம் கொடுப்பவரை உயர்த்தும் குறியீடு, வாங்குபவர் அங்கே பேசுவதில்லை. இந்த எல்லையைக் கண்டுகொள்வது மணிமேகலையைச் சிறுமைப்படுத்துவதாகாது.

குறியீட்டைத் தன் வாழ்விலிருந்தே எடுத்த எழுத்தாளர்களை வகுப்பில் அதிகம் பேச வேண்டும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994), சோ. தர்மனின் ‘கூகை’ (2005) இரண்டும் தலைப்பிலேயே ஒரு விலங்கை, ஒரு பறவையை வைத்து ஒடுக்கப்பட்ட மக்களின் கதையைச் சொன்னவை. பாமாவின் ‘கருக்கு’ (1992) இன்னும் நேரடி. விறகுக்குப் பனங்கருக்குப் பொறுக்கும்போது தோல் கிழிந்ததை அவர் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். கையைக் கீறியது முதலில் நடந்தது, புத்தகத்துக்குப் பெயரானது பிறகு. இந்த வரிசை முக்கியம். வகுப்பறையில் நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம், குறிப்பதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பொருளைத் தேடச் சொல்கிறோம்.

இனி ஆபத்து. ‘உன் வாழ்க்கையோடு இணைத்து எழுது’ என்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பயிற்சி. அப்பாவுக்கு வேலை போன, அம்மா ஹாஸ்டலில் சமைக்கிற, அக்காவின் திருமணம் நின்றுபோன வீட்டுப் பிள்ளைக்கு அது வாக்குமூலம். நாற்பது பேர் நடுவே வாசிக்கச் சொன்னால் தண்டனை. நோட்டைத் திருத்தும் ஆசிரியர் அதே தெருவில் குடியிருக்கலாம், பக்கத்து பெஞ்சில் சூப்பர்வைசர் மகன் இருக்கலாம். மதிப்பெண்ணுக்காகத் துயரத்தைக் கூட்டி எழுதும் பழக்கமும் தொற்றிக்கொள்ளும். அனுபவ வாசிப்பை ஆதரிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

இதற்கும் வழி அகத்திணையிலேயே இருக்கிறது. அகப்பாடலில் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, கண்டோர் என்ற வேடங்கள்தான் பேசும். பாடியவரின் வாழ்க்கை அதில் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று யாரும் கேட்க முடியாது, கேட்பதும் முறையில்லை. இந்த மரபை வகுப்புக்குக் கொண்டுவந்தால் போதும். ‘உன் அனுபவத்தை எழுது’ என்பதற்குப் பதில், ‘இரவு ஷிப்டுக்குப் போகும் தலைவிக்குத் தோழி சொன்னது’ என்ற துறையைக் கொடுக்கலாம். கருப்பொருள்களில் மூன்றேனும் தன் ஊரில் கண்டவையாக இருக்க வேண்டும், யார் பெயரும் வரக்கூடாது. மாணவி தன் அக்காவைப் பற்றி எழுதினாளா, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றியா என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்பது மிச்சம். பொதுத்தேர்வில் இதை எதிர்பார்க்க முடியாது. பல லட்சம் விடைத்தாள்களுக்கு ஒரே விடைக்குறிப்பு என்ற முறை இருக்கும்வரை புறா சமாதானமாகத்தான் இருக்கும். பள்ளியளவில் தரும் அகமதிப்பீட்டில் இடமுண்டு. அங்கே பார்க்க வேண்டியவை இரண்டே: பொருளைப் பற்றிக் கண்டு எழுதிய ஒரு நுணுக்கம் இருக்கிறதா, பாடலோடு அது எங்கே ஒட்டவில்லை என்று சொல்லியிருக்கிறாரா. உணர்ச்சிக்கு மதிப்பெண் வேண்டாம்.

இன்னொரு கூட்டமும் இந்த வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறது: ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள். இப்பகுதி அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். கொன்றையும் நொச்சியும் ஆரலும் அவர்கள் வீட்டுப் பேச்சில் இந்தப் பெயர்களில் இல்லை. பொருள்வயின் பிரிவு மட்டும் அப்பா டிக்கெட் எடுத்த நாளிலிருந்து தெரியும். ரயில் எத்தனை மணி நேரம் போகும், எந்த ஸ்டேஷனில் சாப்பாடு கிடைக்கும், பாட்டி போனில் முதலில் எதைக் கேட்பாள் என்பதெல்லாம் அவர்களிடம் கேட்டால் கிடைக்கும் கருப்பொருள். பாலைப் பாடலை நடத்தும் அன்று ஆசிரியர் அவர்களை முதலில் பேசவிடலாம்.